தம்பிக்குச் சீனி வருத்தம்: ஆருக்குச் சொல்றது?

யூலை 6, 2024 (கேள்வி)

என் தம்பிக்கு 18 வயது. கோண்டாவிலில் அம்மாவோடு இருக்கிறான். கணிதப் பிரிவு, இந்த நவம்பரில் ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை. பங்குனி மாதம் ஆஸ்பத்திரியில் முதலாம் வகை நீரிழிவு என்று சொல்லி இன்சுலின் தொடங்கினார்கள். நான் கொழும்பில் வேலை. அம்மா ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறா. "நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி இல்லையோ?" என்கிறா. அவனும் ரியூசனுக்குப் போகும்போது ஊசியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். இளவயதிலேயே இது வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வெளியில் சொல்வதா, மறைப்பதா?

யூலை 6, இரவு (பதில்)

எனக்கு 2011இல் வந்தது, 14 வயதில். இப்போது 27. நான் மறைக்கச் சொல்லுகிற கட்சி.

சொன்ன காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பாசிரியரிடம் சொன்னா. அடுத்த கிழமை வலைப்பந்து அணியில் என் பெயர் இல்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் டொபிப் பெட்டி என் மேசையை மட்டும் தாண்டிப் போகும். ஒரு மாமி வரும்போதெல்லாம் பாகற்காய்ச் சாறு, இன்னொருவர் ஆவாரம்பூ, மூன்றாமவர் கொவ்வை இலை. "சின்னனில கனக்க இனிப்புக் குடுத்தனீங்களோ?" என்று அம்மாவைக் கேட்காத ஆள் இல்லை. அவர்கள் போன பிறகு அம்மா குசினிக்குள் போய் அழுவா. இனிப்புச் சாப்பிட்டு வருகிற வருத்தம் இல்லை இது. உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற கலங்களை அழித்துவிடுகிறது. இதை ஊர் முழுக்கச் சொல்லி அலுத்துத்தான் கம்பஸ் போனபோது வாயை மூடினேன். நான்கு வருடம் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஊசியை மட்டும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், போதும்.

யூலை 7, காலை

"ஒன்றும் குறைந்துபோகவில்லை" என்று எழுதிவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை. பொய் எழுதினால் அப்படித்தான்.

ஓ.எல். (சாதாரணதரப்) பரீட்சை வருடம். பள்ளிக்கூடம் முடிந்து நேரே ரியூசன், கிடுகுக் கொட்டில், நெருக்கமான வாங்குகள். பள்ளிக்கூடத்தில் தெரியும், ரியூசனில் ஒருத்தருக்கும் தெரியாது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் பாதியைக் கொட்டிவிட்டேன், காலையில் போட்ட ஊசி இரத்தத்தில் சீனியை இறக்குகிற தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மூன்றரை மணி அளவில் கை நடுங்கத் தொடங்கியது. கழுத்துப் பின்பக்கம் வேர்த்து யூனிபோர்ம் ஒட்டியது. சீனி இறங்குகிறது என்று வடிவாகத் தெரியும். பையில் நான்கு டொபி இருந்தது. அந்தக் கண்ணாடிக் கடதாசி சரசரக்கும், சேர் திரும்பிப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கிறவள் ஏன் என்று கேட்பாள். அதனால் சாப்பிடவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு எப்படி சைக்கிள் ஓடினேன் என்பது இன்று வரை ஞாபகமில்லை. அடுத்த நாள் கொப்பியைத் திறந்தால் முதல் அரைப் பக்கம் என் எழுத்து. பிறகு எழுத்து கோட்டை விட்டுச் சரிந்து இறங்கி, கடைசி நான்கு வரி ஒரு மொழியிலும் இல்லை. அந்தக் கொப்பி இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

ஆகவே நேற்றிரவு எழுதியதைக் கொஞ்சம் மாற்றுகிறேன். இடத்துக்கு ஒருத்தருக்குச் சொன்னால் போதும். ரியூசனில் ஒருத்தன், பள்ளிக்கூடத்தில் ஒருத்தன். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யூலை 8

டொபியைக் கடதாசி கழற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சத்தம் வராது.

யூலை 9

எறும்பு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். யாழ்ப்பாணத்து எறும்பை மறந்து எழுதிவிட்டேன். நான் இப்போது கொண்டுபோவது மூடி இறுக்கமான சின்ன மருந்துப் போத்தலில் மூன்று தேக்கரண்டி சீனி. கிட்டத்தட்ட 15 கிராம் வரும். இரத்தத்தில் சீனி அளவு 70க்குக் (mg/dL) கீழே போனால் அதை வாயில் போட்டு, 15 நிமிடம் பொறுத்து, திரும்ப விரலில் குத்திப் பார்க்கிறது. ஏறவில்லை என்றால் இன்னொருக்கால். ஏறினால் பிறகு பிஸ்கட் ஏதாவது.

அந்த 15 நிமிடம்தான் கஷ்டம். கண்ணில் பட்டதையெல்லாம் தின்னச் சொல்லும். ஒருமுறை முழு லெமன் பஃப் பக்கெட்டையும் முடித்துவிட்டு 310இல் போய் நின்றேன்.

யூலை 17

ஆடிப்பிறப்புக் கிழமை. எங்கள் வீட்டில் கூழும் கொழுக்கட்டையும். கேள்வி போட்ட தங்கச்சி, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அம்மா தம்பிக்குக் குரக்கன் (கேழ்வரகு) புட்டு மட்டும்தான் கொடுக்கிறா, அது காணுமா என்று.

குரக்கன் புட்டும் புட்டுத்தான். எங்கள் அம்மாமார் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை, கறுப்பாக இருந்தால் சீனி ஏறாது என்று. குரக்கன், தீட்டாத அரிசி, பனங்கட்டி எல்லாம் அந்தப் பட்டியலில். குரக்கன் மாவில் நார் கூட, உண்மை. ஆனால் மாச்சத்து அரிசி மாவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான் இரண்டு வருடம் குரக்கன் புட்டை அளவில்லாமல் சாப்பிட்டு, ஏன் ஏறுகிறது என்று இன்சுலினைத் திட்டினேன். பனங்கட்டியும் கறுப்புச் சட்டை போட்ட சீனி, அவ்வளவுதான். முதலாம் வகைக்கு எதைச் சாப்பிடுகிறோம் என்பதை விட எவ்வளவு, அதற்கு எவ்வளவு ஊசி என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கை டொக்டரிடமும் கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிறவரிடமும் இருந்து படிக்க வேண்டும், மாமிமாரிடம் இல்லை.

நான் அளக்கிறது புட்டுக் குழலால். எங்கள் வீட்டு மூங்கில் குழலில் பாதி இறங்கினால் எனக்கு எவ்வளவு ஏறும் என்று தெரியும். வெளியில் போனால் அந்தக் குழல் இல்லாமல் நான் குருடி.

யூலை 18

அம்மா இதை வாசித்துவிட்டா. "கறுப்புச் சட்டை போட்ட சீனியோ?" என்று கேட்டு, கொழுக்கட்டையை என் பக்கம் தள்ளி வைத்தா. இரண்டு சாப்பிட்டேன். ஊசி போட்டு, சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து 164. நல்ல நாள்.

ஓகஸ்ட் 3

கொழும்பில் இருந்து இன்சுலின் வாங்கி பஸ்ஸில் அனுப்பலாமா என்ற கேள்வி. அவசரமில்லை என்றால் வேண்டாம். இரவு பஸ்ஸில் யார் மடியில், எந்தப் பெட்டிக்கு மேலே வரும் என்று தெரியாது. கிளினிக்கில் அரச மருந்து இலவசமாகத் தருகிறார்கள். தீர்ந்து வெளியில் வாங்க வேண்டி வந்தால் யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாம்.

வைப்பதைப் பற்றி எழுதத்தான் வந்தேன். திறக்காதது குளிர்சாதனப் பெட்டியில், 2இல் இருந்து 8 பாகைக்குள். திறந்து பாவிக்கிறதைப் பெரும்பாலும் நான்கு கிழமை மட்டும் வெளியில் வைக்கலாம், சூடு 30 பாகையைத் தாண்டாமல். பெட்டிக்குள் இருக்கிற துண்டில் உங்கள் மருந்துக்கு உரிய கணக்கு இருக்கும். சித்திரையில் எங்கள் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே 30க்குள் எந்த மூலை இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் வந்தது, ஞாபகமா? அப்பா பெற்றோலுக்கு வரிசையில், நான் இரண்டு குப்பி இன்சுலினோடு வீட்டில். பக்கத்து ஒழுங்கை ஆச்சி ஒருத்தர் கேள்விப்பட்டு வந்தார். அவருடைய மனுசனுக்கும் ஊசி இருந்ததாம். தொண்ணூறுகளில் இங்கே கரண்டே இல்லை, ஜாம் போத்தல் விளக்குக் காலம். அவர் மருந்துக் குப்பியைத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, கயிற்றில் கிணற்றுக்குள் விடுவாராம். தண்ணீரில் படாமல் ஒரு முழம் மேலே நிற்கும். தண்ணி அள்ள வருகிறவர்கள் துலாவைக் கவனமாகப் பிடிப்பார்களாம். அதாவது ஒழுங்கை முழுக்க அந்தக் குப்பிக்குக் காவல்.

எங்கள் கிணறு இப்போது மூடி போட்டு மோட்டர் பூட்டியது. ஆச்சி சொல்லித் தந்தபடி பெரிய சட்டிக்குள் மணல், மணலுக்குள் சின்ன முட்டி, மணலை ஈரமாக்கி, மேலே ஈரத்துணி. உள்ளே தெர்மோமீற்றர் வைத்துப் பார்த்தேன், வெளிச் சூட்டை விட நன்றாகக் குறைவு. இரண்டு மாதம் அந்தச் சட்டிதான் என் பிரிட்ஜ். ஒரு நாளைக்கு மூன்று தரம் தண்ணி தெளிக்க வேண்டும். நாலாம் நாள் பூனை வந்து அதில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதற்கும் வெக்கை.

ஓகஸ்ட் 4

ஆச்சியின் கதையில் எனக்கு இன்று பிடிபட்ட ஒன்று. அவருடைய மனுசனுக்கு ஊசி இருக்கிறது என்று ஒழுங்கைக்கே தெரியும். இடத்துக்கு ஒருத்தர் என்று நான் சொன்ன கணக்கு அங்கே நிற்காது.

கரண்ட் வந்த பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அம்மா பாசத்தில் குப்பியைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டா. உறைந்த இன்சுலினை உருக்கிப் பாவிக்கக் கூடாது, எறிய வேண்டியதுதான். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, செத்துப்போன குஞ்சைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா.

ஓகஸ்ட் 25

நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் கொடி ஏறி இரண்டு கிழமை தாண்டிவிட்டது. தம்பி காவடி எடுக்கப் போகிறானாம், அம்மாவின் நேத்தி. எனக்குச் சொல்ல உரிமையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கம்பஸ் காலம், தேர் நாள். விடிய நாலரைக்கு எழும்பி, தோய்ந்து, சாறி உடுத்து, ஊசியும் போட்டாயிற்று. கோயிலுக்குப் போய் வந்து சாப்பிடுவோம் என்று வெறும் வயிறு. தேர் நகர நகரச் சனமும் நகர்ந்தது, நான் இடையில். வெறுங்கால், மணல், வெயில் ஏறுகிறது, அரோகரா சத்தம். கை நடுக்கத்தைப் பக்தி என்று நினைத்தேன், கொஞ்ச நேரம். சிரிக்காதீர்கள். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், என் தோளைப் பிடித்து "முருகா" என்றார்.

எப்படியோ வீதிக்கு வந்து ஒரு தண்ணீர்ப் பந்தலைப் பிடித்தேன். சர்பத். ஒரு டம்ளர், இரண்டு, மூன்றாவதுக்குக் கை நீட்ட, ஊற்றிக்கொண்டிருந்த அண்ணை சொன்னார்: "பிள்ளை, மற்ற ஆக்களுக்கும் விடும்." எனக்கு வருத்தம் என்று சொல்ல வெளிக்கிட்டேன். நாக்குப் புரளவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், வாளியில் அடியில் கிடந்த கசகசாவோடு நாலாவதையும் ஊற்றித் தந்தார். பந்தல் கதிரையில் இருத்தினார். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அவரைத் தேடுவேன்.

கூட வந்த இரண்டு சிநேகிதிகளும் என்னைத் தேடிக் களைத்து வந்து, "எங்கயடி போய்ச் சர்பத் குடிச்சனி?" என்று பேசினார்கள். அன்றைக்கும் சொல்லவில்லை.

பாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுடுமணலில் வெறுங்காலோடு நின்றால் வீட்டுக்கு வந்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வருத்தத்தில் சிலருக்குக் காலில் உணர்ச்சி மங்கும். எனக்கு நன்றாக இருக்கிறது, ஆனாலும் பார்ப்பேன். கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேலே கால் தூக்கி. அப்பா இதைக் கண்டால், "வந்திட்டா பரதநாட்டியக்காரி" என்பார்.

செப்டெம்பர் 19

இப்போது பெரிய திருத்தம்.

போன கிழமை வேலை இடத்தில் நடந்தது. இடத்துக்கு ஒருத்தர் என்று எழுதினேன் அல்லவா, அந்த ஒருத்தி என் பக்கத்து மேசைக்காரி. ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்: "எனக்கு முதலாம் வகை, இன்சுலின் போடுறனான்." அவள் கண் கலங்கினாள், நான் சமாதானப்படுத்தினேன், கதை முடிந்தது.

வியாழக்கிழமை பதினொன்றரை. நான் மேசையில் தலை வைத்துவிட்டேன். கேட்கிறது, பதில் வரவில்லை. அவள் பாய்ந்து வந்து என் பையைத் திறந்து, ஊசியை எடுத்து, குப்பியைத் தேடி, மூடியைக் கழற்றுகிறாள். இன்சுலின் போடுகிற ஆள் மயங்கினால் இன்சுலின் போட வேண்டும் என்று அவள் நினைத்ததில் என்ன பிழை? நான் கையால் தட்டிவிட்டேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, "சீனி" என்று சொன்னதாக அவள் சொல்கிறாள். அவளுக்கு அதிலும் குழப்பம், சீனி வருத்தக்காரிக்குச் சீனியோ? நல்லகாலம், தேத்தண்ணி ஊற்றுகிற அன்ரி உள்ளே வந்தார். அவருடைய தமையனுக்கு இருந்ததாம். சீனிப் போத்தலையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பிறகு குத்திப் பார்த்தால், சீனி சாப்பிட்ட பிறகும், 52.

அந்த ஊசி ஏறியிருந்தால்? இந்த வரியை நாலு தரம் எழுதி அழித்தேன்.

நான் அவளுக்கு வருத்தத்தின் பெயரைச் சொன்னேன், வேலையைச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் சனம் பயப்படும், அழும், பாகற்காய் கொண்டு வரும். வேலையைச் சொன்னால்தான் செய்யும். இப்போது அவளை இருத்திக் காட்டியிருக்கிறேன். பையில் நீல மூடிச் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது, நான் மாறிக் கதைத்தால் அல்லது வேர்த்து வெளிறினால் அதை வாயில் போட வேண்டும், ஊசியைத் தொடவே கூடாது. விழுங்க முடியாத அளவுக்கு மயங்கியிருந்தால் வாயில் ஒன்றும் விடக் கூடாது, பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். இரண்டாம் தரம் சரியாகச் சொன்னாள்.

தம்பியின் சிநேகிதனுக்கும் இப்படித்தான். "எனக்கு டயபிற்றிஸ் மச்சான்" என்பதெல்லாம் பிறகு. முதலில் போத்தல்.

செப்டெம்பர் 20

அந்த ஒருத்தர் லீவில் நின்றால் என்ன செய்வது என்று தம்பி கேட்டானாம். கெட்டிக்காரன். ரியூசனில் இரண்டு பேருக்குச் சொல்லட்டும்.

ஒக்டோபர் 3

கிளினிக் நாள். காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, பன்னிரண்டு மணி மட்டும் வாங்கு. வாங்கில் எல்லாரும் அப்புமாரும் ஆச்சிமாரும். இன்றும் ஒருவர் கேட்டார்: "அம்மாவுக்கு மருந்து எடுக்க வந்தனீங்களோ, பிள்ளை?" ஓம் என்றேன். 13 வருடமாக இந்தப் பதிலைத்தான் சொல்கிறேன், சில நாள் அப்பாவுக்கு. என் பெயரைக் கூப்பிட்டபோது எழும்பிப் போனேன். திரும்பி வரும்போது அவர் நகர்ந்து இடம் விட்டார், ஒன்றும் பேசாமல் பையில் இருந்து ஒரு தோடம்பழம் எடுத்துத் தந்தார். சாப்பிடலாமோ என்று அவருக்கும் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. பாதி பாதி சாப்பிட்டோம்.

இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.9 வீதம். போன முறை 8.6. டொக்டர் "குட்" என்றார். அவரிடம் ஒரு வருடத்துக்கு ஒரு குட் வாங்குவதே பெரிய காரியம்.

ஒக்டோபர் 12

கலியாணம் பற்றி அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்கிறீர்கள், 27 வயதில் வீட்டில் இருக்கிற என்னை. சரி.

மூன்று பொருத்தம் வந்தது. முதலாவதுக்கு அம்மா சொல்லவில்லை, நானும் பேசாமல் இருந்தேன், சாதகத்திலேயே நின்றுவிட்டது. இரண்டாவது கனடா. போனில் மூன்று கிழமை நன்றாகக் கதைத்தார். நாலாவது கிழமை நானே சொன்னேன். "ஓ, அப்படியா, பரவாயில்லை" என்றார். மிக நல்ல பண்பாக. அதற்குப் பிறகு அவருக்கு வேலை கூடிவிட்டது, நேர வித்தியாசமும் கூடிவிட்டது. ஒரு நாள் தரகர் வந்து சாதகத்தில் ஏதோ தோசம் என்றார். 36 பக்கச் சாதகம், என் கணையத்தைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை, ஆனால் பழி அதன் மேல்.

கோபம் வந்தது. கனடாக்காரர் மேல் இல்லை, அவர் பயந்தார், அவ்வளவுதான். என் மேல்தான். மூன்று கிழமை நன்றாகக் கதைத்தபோது, சாப்பாட்டுக்கு முன்பு ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு ஊசி போட்டேன்.

மூன்றாவதைப் பற்றி இப்போது எழுதவில்லை. நடந்துகொண்டிருக்கிறது. முதல் போனிலேயே சொல்லிவிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊசி நோகுமோ?" வயிற்றில் போட்டால் அவ்வளவு நோகாது, விரல் நுனியில் குத்துகிறதுதான் நோகும் என்றேன்.

நவம்பர் 5

கந்தசஷ்டி. அம்மா ஆறு நாளும் பாலும் பழமும். 2011இல் இருந்து எனக்காகத்தான் பிடிக்கிறா. நான் பிடிக்க முடியாது. பிடித்தாலும் ஊசியை நிறுத்த முடியாது, சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு அடிப்படை இன்சுலின் வேண்டும். காய்ச்சல், சத்தி என்றாலும் அப்படித்தான். சாப்பிடவில்லை என்று தம்பி ஊசியைத் தானாக விட்டுவிடக் கூடாது, அளவை டொக்டரிடம் கேட்க வேண்டும். சத்தி நிற்கவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரி.

அம்மா பசியோடு குசினியில் நின்று எனக்கு இடியப்பம் அவிக்கிறா. நான் சாப்பிடும்போது பார்த்துக்கொண்டு நிற்பா. மிச்சம் விட்டால் பேசுவா.

நவம்பர் 14

இன்று உலக நீரிழிவு தினம். பான்ரிங் என்ற கனடா வைத்தியருடைய பிறந்தநாளை இதற்கென்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் அவருடைய உதவியாளர் பெஸ்ட்டும் 1921இல் கனடாவில் ரொறன்ரோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 சனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற பையனுக்கு முதன்முதல் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த வருத்தம் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் நீட்டுவது மட்டும்தான் வைத்தியம். அந்தப் பையன் அதன் பிறகு 13 வருடம் இருந்தான், 1935இல் நியூமோனியாவில் செத்தான்.

எனக்கும் ஊசி தொடங்கி இது 13ஆவது வருடம். இன்று வேலை இடத்தில் கேக் வெட்டினார்கள். வேறு ஒருவருடைய பிறந்தநாள். ஒரு துண்டு சாப்பிட்டேன்.

நவம்பர் 28

வெள்ளம். எங்கள் முற்றத்தில் முழங்கால் தண்ணி. பரீட்சையை இடையில் நிறுத்திவிட்டார்கள். தம்பி எப்படி? இன்சுலினை நிலத்தோடு இருக்கிற அலுமாரியில் வைக்க வேண்டாம், தண்ணி ஏறினால் மேலே. ஊசியும் இரத்தச் சீனி பார்க்கிற ஸ்ரிப்ஸும் பொலித்தீனில். வீடு விட்டு வெளியேற வேண்டி வந்தால் முதலில் தூக்கும் பை அதுதான், அடையாள அட்டை பிறகு.

பரீட்சை மண்டபத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டீர்களா? டொக்டர் தந்த கடிதத்தை அதிபர் மூலம் முன்கூட்டியே மேற்பார்வையாளருக்கு அனுப்பித்தான் நான் எழுதினேன். அம்மா இன்னும் வேண்டாம் என்றால் என் கொப்பிக் கதையைச் சொல்லுங்கள்.

நவம்பர் 28, இரவு

அடையாள அட்டை பிறகு என்று எழுதியதை அப்பா வாசித்துவிட்டு, இரண்டையும் ஒரே பையில் வை என்கிறார். ஓம், அதுதான் புத்தி.

டிசெம்பர் 22

தங்கச்சி எழுதியதை வாசித்து வாசித்துச் சிரிக்கிறேன். மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன்.

பரீட்சை திரும்பத் தொடங்கி இரண்டாவது கிழமை. கடிதம் போயிருக்கிறது, ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் நின்றவர் புதியவர், அவருக்குத் தெரியாது. பாதிப் பேப்பரில் தம்பிக்குக் கை நடுங்கியிருக்கிறது. மேசையில் போத்தலை வைத்துத் திறந்திருக்கிறான். அவர் விறுவிறு என்று வந்து, "என்ன தம்பி இது, விபூதியோ?" என்று கேட்டாராம். இவன் வாய் திறக்க முதல், பின் மேசையில் இருந்த சிநேகிதன் எழும்பி நின்று, "சேர், அது சீனி, அவன் இப்ப சாப்பிட வேணும்" என்றானாம். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கிறது. அவர் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி நுனி நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓம், சீனிதான். சாப்பிடும் தம்பி, சாப்பிடும்" என்று போத்தலை அவன் கையில் கொடுத்து, அவன் நிமிரும் வரை பக்கத்திலேயே நின்றாராம். வெளியில் வந்த பிறகு இன்னும் மூன்று பேர் வந்து கேட்டார்களாம், ஒருத்தன் தன் தங்கச்சிக்கும் இருக்கிறது, எட்டு வயது என்றானாம்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். அது உங்கள் பாடு. ஆனால் முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அன்றைக்கு என்ன பாடம், பேப்பரை முடித்தானோ?